ஏரும் இயந்திரமும்: சிறுநில உழவின் வேலையும் சொல்லும்



உழவைப் பாடாத காலம் தமிழ் இலக்கியத்தில் இல்லை எனலாம். திருக்குறள் உழவுக்கென ஓர் அதிகாரத்தையே, 104ஆம் அதிகாரத்தை, ஒதுக்கியது. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது மேழி, நுகம், நுகத்துளை, கொழு, கொழுவாணி, பூட்டுகயிறு, தாற்றுக்கோல் என ஏரின் உறுப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துச் சிறப்பித்தது. முக்கூடற்பள்ளு மாட்டின் வகைகளையும் நெல்லின் வகைகளையும் அடுக்கிக் காட்டியது. கருவியின் சிற்றுறுப்பையும் பெயர் சொல்லிப் போற்றிய மொழி இது. ஆயின் இன்று நிலத்தைப் புரட்டுவது எது? பெரும்பாலான ஊர்களில் அது டிராக்டர். அந்த வேலையைப் பற்றிய இலக்கியப் பதிவு மிகக் குறைவு. கவிதையில் டிராக்டர் வரும்போது ஒன்று முன்னேற்றத்தின் அடையாளமாக வருகிறது, அல்லது எருதை விரட்டிய பகைவனாக வருகிறது. அதற்குக் கிரீஸ் அடிக்க வேண்டும் என்பதும், அது திரும்ப இடம் வேண்டும் என்பதும், அது போன பிறகு யாரோ ஒருவர் மண்வெட்டியோடு மூலைக்குப் போக வேண்டும் என்பதும் பாட்டில் வருவதில்லை. இவ்வுரை அந்த வேலையைப் பற்றியது. குறிப்பாக இரண்டு ஏக்கருக்கு உட்பட்ட நிலத்தில் நடைபெறும் அன்றாட வேலையையும், அவ்வேலையில் பிறந்து வழங்கும் சொற்களையும் பற்றியது.

இரண்டு ஏக்கர் என்பது ஏதோ ஓர் எண்ணிக்கை அன்று. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட உடைமைகள் இரண்டு எக்டேருக்குள் அடங்குவன. ஆகவே தமிழ்நாட்டு உழவைப் பற்றிப் பேசுவோர் சிறுநிலத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலாது. ஒன்பது கொழு பூட்டிய கலப்பையோடு ஒரு டிராக்டர் ஓர் ஏக்கரை ஒரு முறை உழுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். மாட்டேர் ஒன்று அதே வேலைக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். எனின், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு பருவத்தில் டிராக்டர் தேவைப்படுவது ஏழெட்டு மணி நேரம் மட்டுமே. அதற்காக எவரும் டிராக்டர் வாங்கமாட்டார். வாங்கினாலும் கடன் கட்டி முடியாது. சிறுநில உழவர் டிராக்டரின் உடைமையாளர் அல்லர், அதற்காகக் காத்திருப்பவர். இந்த ஒன்றை மனத்திற் கொண்டாலன்றி அவர்தம் வேலை நாள் விளங்காது.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் செம்மண் பகுதியை எடுத்துக்கொள்வோம். மணிலாக்கொட்டையை மல்லாட்டை என்று வழங்கும் நாடு அது. ஆடி, ஆவணியில் ஒரு நல்ல மழை பெய்கிறது. மறுநாளோ மூன்றாம் நாளோ மண் பதத்துக்கு வரும். ஈரம் மிகுந்திருக்கும்போது உழுதால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து காய்ந்து கல்லாகிவிடும். காய விட்டு உழுதால் கொழு இறங்காது. செம்மண்ணில் இந்தப் பதம் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நில்லாது. ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர் ஒருவரோ இருவரோ. அந்த இரண்டு நாளில் அவர்களுக்கு எல்லாத் திசையிலிருந்தும் அழைப்பு வருகிறது. பத்து ஏக்கர் ஒரே கட்டாக வைத்திருப்பவரின் நிலத்தை முடித்துவிட்டு, வழியில் இருக்கும் ஐந்து ஏக்கரையும் முடித்துவிட்டு, அதன் பிறகே வரப்பு தாண்டி உள்ளே இருக்கும் அறுபது சென்ட்டுக்கு வண்டி வரும். இது வண்டிக்காரரின் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. சிறிய துண்டுக்குள் இறங்கித் திரும்பித் திரும்பி ஓட்டுவதில் அவருக்கு டீசலும் நேரமும் வீணாகின்றன. ஆனால் பதம் தப்பிய உழவின் இழப்பு முழுதும் சிறுநிலத்தின் தலையில் விழுகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் டிராக்டரை வாடகைக்கு விடுகிறது; 2018இல் தொடங்கப்பட்ட உழவன் செயலி வழியாகவும் முன்பதிவு செய்யலாம். இவை பயனுள்ள ஏற்பாடுகளே. எனினும் ஒரே மழை ஒரே நாளில் ஒரு வட்டாரம் முழுவதும் பெய்யும்போது எந்தப் பட்டியலிலும் ஒருவர் கடைசியாக நிற்கத்தான் வேண்டும்.

முன்னர் மாட்டேர் வைத்திருந்தவரும் காத்திருந்தார். ஆனால் மழைக்காகக் காத்திருந்தார். ஏர் அவருடைய கொட்டகையில் இருந்தது. இல்லாதவர் தம் உழைப்பைத் தந்து பிறர் ஏரைப் பெற்றார். ஒருவர் நிலத்தில் இன்று நான்கு ஏர், மற்றவர் நிலத்தில் நாளை அதே நான்கு ஏர் என்று கைம்மாற்றாக உழுதுகொண்டனர். டிராக்டருக்குக் கைம்மாற்று இல்லை, பணந்தான். இதனால் மாட்டேர்க் காலம் பொற்காலம் என்று சொல்ல வருவதாகக் கொள்ளலாகாது. வெயிலில் எருதின் பின்னே நாள் முழுதும் நடந்தவர்க்கு அதன் அருமை தெரியும். அதன் துன்பமும் தெரியும். ஆண்டு முழுவதும் தீவனம் தேடிய வீட்டுப் பெண்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

வண்டி வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் பல. நிலத்தில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி வரப்பில் போட வேண்டும். பெரிய கல் கொழுவில் மாட்டினால் கலப்பையின் ஸ்பிரிங் தாங்கும். ரோட்டவேட்டர் கத்தி தாங்காது, உடையும். தண்ணீர்க் குழாய் புதைந்திருக்கும் இடத்தில் குச்சி நட்டு அடையாளம் வைக்க வேண்டும். வரப்பில் வண்டி இறங்கும் இடத்தை வெட்டித் தாழ்த்தி, போன பிறகு மீண்டும் கட்ட வேண்டும். குப்பை முன்னரே வந்து குவிந்திருக்க வேண்டும். வந்த குவியலைக் கூடையால் வாரிக் கலைக்க வேண்டும். உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்று 1038ஆம் குறள் கூறுவதை அனைவரும் அறிவர். அந்த எரு இன்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. 2012க்கும் 2019க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தியாவில் ஆண்மாடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது என்று கால்நடைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. எருது போனபோது ஏர் மட்டும் போகவில்லை, எருவும் போயிற்று. முன்னர் ‘பத்து வண்டி எரு’ என்றால் மாட்டு வண்டி; இன்று ‘இரண்டு டிரைலர் குப்பை’ என்று விலை பேசி வாங்குகின்றனர். அளவின் பெயர் மாறியதில் ஒரு குடும்பத்தின் பொருளியல் முழுவதும் மாறியிருக்கிறது.

இங்கே இயந்திரத்தின் இயல்பைச் சிறிது விளக்குவது தேவை. தொடக்ககால டிராக்டர் எருது போலவே கலப்பையைச் சங்கிலியாலோ கம்பியாலோ பின்னால் இழுத்துச் சென்றது. திரும்புவதற்குப் பரந்த இடம் வேண்டியிருந்தது. கலப்பை கல்லில் சிக்கினால் முன்பக்கம் தூக்கிப் பின்புறமாகக் கவிழ்ந்தது. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்பவர் மூன்று புள்ளிகளில் கலப்பையை வண்டியோடு பிணைக்கும் முறையை உருவாக்கினார். அம்முறை அமைந்த டிராக்டர் 1936இல் விற்பனைக்கு வந்தது. மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கும் விசையே பின்சக்கரத்தின் மேல் பாரமாக இறங்கும்படி செய்தது அவர் கண்ட நுட்பம். அதனால் எடை குறைந்த வண்டியும் ஆழமாக உழ முடிந்தது. வரப்பு வந்ததும் எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கிக்கொண்டு குறுகிய இடத்தில் திரும்ப முடிந்தது. பெர்குசன் பெயர் தாங்கிய டிராக்டர்களைச் செய்வதற்காக 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. சிறிய கழனிக்குள் டிராக்டர் நுழைய முடிந்ததற்கு முதற்காரணம் குதிரைத்திறன் அன்று. அந்த மூன்று புள்ளிப் பிணைப்பே.

நுழைந்தது; ஆனால் மூலைக்குப் போகவில்லை. எருது மூலை வரை போகும். போய் நின்று, நுகத்தோடு திரும்பி வரும். அப்போதும் கொஞ்சம் மிஞ்சியது என்பதாலேயே மூலை கொத்துதல் என்ற தொடர் நம் உழவில் பழமையாக வழங்குகிறது. டிராக்டர் விட்டுச் செல்வது அதனினும் மிகுதி. ஒரு கணக்கைப் பார்க்கலாம். சதுரமான ஓர் ஏக்கரில் வரப்போரமாகச் சுற்றிலும் இரண்டடி உழப்படாமல் நின்றால், விடுபடுவது நூற்றில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதே இரண்டடி 20 சென்ட் கழனியில் விடுபட்டால் நூற்றில் எட்டுப் பங்குக்கு மேல். பரப்பு சிறுக்கச் சிறுக்க ஓரம் பெருகுகிறது. பாகப்பிரிவினை ஒவ்வொன்றும் புதிதாக ஒரு வரப்பையும் புதிதாக நான்கு மூலைகளையும் உண்டாக்குகிறது. இயந்திரம் செய்யாத பங்கு சிறியவர்க்கே மிகுதி என்பது இதனாற் பெறப்படும்.

அப்பங்கைச் செய்பவர் பெரும்பாலும் பெண். ஓட்டுநர் இருக்கையில் ஆண் இருக்கிறார். வரப்பில் நின்று கைகாட்டுபவர் நிலத்துக்குரிய பெண்மணி. “தம்பி, அந்த மூலைய இன்னொரு ஓட்டு ஓட்டிட்டுப் போப்பா” என்கிறார். “அங்க வண்டி திரும்பாதுக்கா, ரிவர்சுல எடுத்தா வரப்பு போயிடும்” என்று விடை வருகிறது. மணி ஓடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு நிமிடமும் காசு. அவர் மேலும் வற்புறுத்துவதில்லை. வண்டி மேடேறியதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போகிறார். அண்டை வெட்டுகிறார், வரப்பின் எலி வளையை மிதித்து அடைக்கிறார், சேற்றுக் கழனியாயின் பரம்பு படாத இடத்தைக் காலால் மட்டம் செய்கிறார். டிராக்டர் உழுத நிலத்திலும் மல்லாட்டை விதைப்புக்கு மட்டும் மாட்டேரைக் கூலிக்கு அழைக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. ஏர் சால் பிடிக்க, பின்னால் பெண்கள் விதையிட்டு வருவர். ஆழமும் இடைவெளியும் அப்படிச் செய்தால்தான் சரியாக அமைகின்றன என்பது அவர்கள் கருத்து.

ஆழம் என்பதற்கு இங்கே சற்று நிற்க வேண்டும். அகல உழுவதினும் ஆழ உழுதலே மேல் என்பது பழமொழி. புழுதியை ஒரு பலம் காற்பலமாகும்படி உணக்கினால் ஒரு பிடி எருவும் வேண்டாது என்பது 1037ஆம் குறளின் கருத்து. இரண்டும் மண்ணைப் புரட்டிக் காய விடுவதைச் சொல்கின்றன. இன்று சிறுநிலத்தார் பெரிதும் விரும்பி அழைப்பது ரோட்டவேட்டரை. காரணம் எளிது, கலப்பையால் மூன்று ஓட்டு ஓட்ட வேண்டிய இடத்தில் இது ஒன்றிரண்டில் மாவு போலத் தூளாக்கித் தருகிறது, வாடகை மிச்சமாகிறது. கண்ணுக்கும் அழகாக இருக்கிறது. ஆனால் அது மேல் மண்ணை மட்டுமே கிளறுகிறது. ஒவ்வொரு பருவமும் அதே ஆழத்தில் கத்தி சுற்றுவதாலும், வண்டியின் பாரத்தாலும் அதன் கீழே மண் இறுகித் தட்டுப் போலாகிறது. மழைநீர் அதன் மேல் நின்று ஓடிவிடுகிறது. வேர் அதில் முட்டி வளைகிறது. இதற்கு மாற்றாக வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது உளிக்கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில் ஒரு முறை நீளவாக்கிலும் ஒரு முறை குறுக்காகவும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தரம் ஆழக் கீறிவிட்டால் அத்தட்டு உடையும். இதைச் செய்யும் சிறுநிலத்தார் சிலரே. அறியாமை மட்டும் காரணம் அன்று. உளிக்கலப்பையை மாட்டிக்கொண்டு ஒரு துண்டு நிலத்துக்காக வர வண்டிக்காரர் இசைவதில்லை. அக்கம்பக்கத்தார் நால்வர் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால் வருவார்.

வண்டியைப் பேணுவதும் வேலைதான். காலையில் கிளப்புவதற்கு முன் ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டுப் பார்த்தல், ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தல், டீசல் வடிகட்டியில் தங்கிய நீரை வடித்தல், புழுதி உழவு நாளில் ஏர் கிளீனரைக் கழற்றிச் சுத்தம் செய்தல், முன் அச்சிலும் கலப்பை மூட்டுகளிலும் கிரீஸ் அடித்தல், தேய்ந்த கொழுவைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பூட்டுதல் ஆகியவை அதில் அடங்கும். சேற்றுக்கு இரும்புச் சக்கரம் மாட்டுகின்றனர். அதனைக் கழற்றாமல் தார்ச்சாலையில் ஓட்டினால் சாலை பாழாகும். பிடி வேண்டுமென்று பின் டயரில் நீர் நிரப்பி எடை கூட்டுவதும் உண்டு.

அபாயத்தையும் சொல்லாமல் விட முடியாது. பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் இருப்பது கழனியில் குறுகத் திரும்புவதற்காக. சாலைக்கு வரும்போது இரண்டு மிதியையும் கொக்கியிட்டு ஒன்றாக்க வேண்டும். மறந்து வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுழன்று கவிழும். மரத்தூர் இழுக்கும்போது சங்கிலியை அச்சுக்கு மேலே கட்டினால் முன்பக்கம் தூக்கும். ‘முன்னாடி தூக்குது’ என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டுநர் மேல் வண்டி விழுந்துவிடும். ரோட்டவேட்டரைச் சுழற்றும் தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றுவது. அதன் அருகே குனிந்து தட்டை பொறுக்குபவரின் முந்தானையோ துண்டோ சிக்கினால் இழுத்துக்கொள்ளும். தண்டின் மேல் மூடி இருக்க வேண்டும், இயந்திரத்தை நிறுத்திய பிறகே அருகில் போக வேண்டும். மட்கார்டின் மேல் குழந்தையை உட்காரவைத்துச் சுற்றிக் காட்டுவது ஊரில் ஒரு செல்லம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் நிறைந்த நாட்டில் அந்தச் செல்லம் வேண்டாம்.

இனிச் சொற்களுக்கு வரலாம். ஏரின் சொற்களுள் சில மறைந்தன. சில இடம் பெயர்ந்து வாழ்கின்றன. மேழி போயிற்று, கையால் பற்றி அழுத்த வேண்டிய பிடி இல்லாதபோது அதன் பெயருக்கு வேலை இல்லை. நுகத்துளை, பூட்டாங்கயிறு போயின. கொழு நின்றது. மரக்கலப்பையில் ஒற்றையாக இருந்து மண்ணைக் கீறிய இரும்பின் பெயர் இன்று ஒன்பது இரும்புகளுக்கு ஆகிவருகிறது. கொல்லன் உலையில் தோய்ந்த கொழு, இப்போது வெல்டிங் பட்டறையில் நுனி ஒட்டப்படுகிறது. பெயர் மட்டும் மாறவில்லை. ஓட்டுதல் என்னும் வினை எருதுக்கும் பொருந்திற்று, வண்டிக்கும் பொருந்திற்று. அதனினின்று ‘ஓர் ஓட்டு, ஈரோட்டு’ என்று உழவின் முறையைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும் வழக்கில் உண்டு. பழைய ஆகுபெயர் நெறி ‘ஒன்பது கலப்பை’ என்னும் வழக்கில் செம்மையாக இயங்குகிறது. அது ஒன்பது கலப்பைகளை அன்று, ஒன்பது கொழு உடைய ஒரு கருவியைக் குறிக்கும்.

புதிய கருவிக்கு மக்கள் இட்ட பெயர்களுள் தலைசிறந்தது சட்டிக் கலப்பை. குழிந்த வட்டத் தகட்டைக் கண்டவுடன் அடுக்களையிலிருந்து ஒரு சொல்லை எடுத்து எவரோ வைத்த பெயர் இது. எந்தக் கலைச்சொற் குழுவும் இதனினும் தெளிவான பெயரைத் தந்திருக்க முடியாது. உளிக்கலப்பையும் அவ்வாறே விளங்குவது. ரோட்டவேட்டருக்குச் சுழற்கலப்பை என்று நூல்கள் எழுதுகின்றன; நல்ல சொல், ஆனால் கழனியில் வழங்குவதில்லை. டிராக்டருக்கு உழவு இயந்திரம் என்பது தமிழ்நாட்டில் ஏட்டுச் சொல்லாகவே நின்றுவிட்டது. இங்கு மக்கள் வாயில் அது டிராக்டர், அல்லது வெறும் ‘வண்டி’. ஈழத்தில் அப்படியன்று. அங்கு உழவு இயந்திரம் என்பது செய்தித்தாளின் அன்றாடச் சொல். இரண்டு சக்கரச் சிறு இயந்திரத்தை அங்கு லாண்ட்மாஸ்டர் என்று, ஒரு காலத்தில் வந்த வண்டியின் பெயராலேயே வழங்குகின்றனர். இங்கு அதே வகைக் கருவி பவர் டில்லர்.

வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் பணி தமிழில் சிறப்பாக நடந்துள்ளது. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982இலும், பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இலும், கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி 2007இலும் வெளிவந்தன. இவ்வழியில் அடுத்துச் செல்ல வேண்டிய இடம் டிராக்டர் நிற்கும் களமும் பட்டறையும் ஆகும். ‘டிராக்டர் ஆங்கிலச் சொல், அதனோடு ஒட்டிய பேச்சு கொச்சை’ என்று ஆய்வாளர் ஒதுக்கிவிட்டால், ஒரு தலைமுறையின் தொழில்மொழி எழுதப்படாமலே போகும். சேற்றுழவையே எடுத்துக்கொண்டால் வட மாவட்டங்களில் அது சேடை, தென்கோடியில் தொழி. இரண்டு சொல்லும் இன்று இயந்திர உழவுக்கே வழங்குகின்றன. இவற்றை அறிந்து கூறத்தக்கவர் ஏரும் ஓட்டி டிராக்டரும் ஓட்டியவர்கள். அறுபது, எழுபது அகவையைத் தாண்டிய அவர்கள் இன்னும் ஊர்களில் உள்ளனர். நுகத்தின் அளவையும் ஹைட்ராலிக் கைப்பிடியின் பதத்தையும் ஒரே மூச்சில் விளக்குபவர்கள் அவர்கள். அவர்களிடம் போகும் மாணவர் ஓட்டுநரை மட்டும் கேட்டுத் திரும்பாமல், வரப்பில் நிற்பவரையும் கேட்க வேண்டும். ஓரம், மூலை, அண்டை, வாய்மடை பற்றிய சொற்கள் அவரிடமே உள்ளன.

பொங்கல் நாளில் இம்மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. டிராக்டர் வைத்திருப்போர் மாட்டுப்பொங்கலன்று அதனைக் கழுவி, பொட்டிட்டு, முன்பக்கத்தில் மாலையும் கரும்பும் கட்டிச் சிறுவர்களை ஏற்றிக்கொண்டு தெருவைச் சுற்றி வருகின்றனர். பசு மட்டும் உள்ள வீட்டில் பசுவின் கொம்புக்கு வண்ணம் ஏறுகிறது. மாடும் இல்லாத, வண்டியும் இல்லாத சிறுநிலத்தார் வீட்டில் மண்வெட்டியையும் களைக்கொட்டையும் அரிவாளையும் கழுவிக் கிணற்று மேட்டில் வரிசையாக வைத்து, மோட்டார் கொட்டகைச் சுவரில் சந்தனம் தெளித்து, மஞ்சள் குங்குமம் இட்டுப் படைக்கின்றனர்.